பூட்டு மூடி

லபுக்கலைக்கு இன்னும் நாலு வளைவு.
மூன்றாம் கியரில் மிதிக்கிறேன்,
கால் தரையைத் தொடுகிறது,
வண்டி கேட்கவில்லை.
முள் நாற்பத்தைந்து. முப்பது. இருபது.
பின்னால் நுவரெலியா பஸ்
ஹோர்னிலிருந்து கையெடுக்காமல் வருகிறது.

அறுபத்தொன்பதாம் ஆண்டு எம்.ஜி.
என்னைவிட ஏழு வயது மூப்பு.
துணிக்கூரை உண்டு, ரம்பொடை மழைக்கு
அது சும்மா ஒரு பேச்சுக்கு.
ஓரங்கட்டினேன்.

பஸ் கடக்கும்போது நடத்துனர் தொங்கியபடி,
"பிளக், மிஸ், பிளக்!"
லீக்ஸ் ஏற்றிய லொறி இறங்கி வந்து நின்றது.
"பொயின்ட் தீஞ்சிருக்கும்."
ஆட்டோக்காரர் மட்டும் எஞ்சினைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.
"வித்துப்போட்டு ஒரு விட்ஸ் எடுங்க."

பிளக் நாலும் புதுசு.
பொயின்ட் புதுசு, கண்டென்ஸர் புதுசு,
கொயில் கண்டியிலிருந்து வந்தது.
கம்பளைக் குலசேன பாஸ்
காபரேட்டரை மூன்று முறை கழற்றி
மூன்று முறை ஊதி
மூன்று முறையும் "இனிப் பறக்கும்" என்றார்.
பறந்தது.
இருபது நிமிடம்.

எப்போதும் இருபது நிமிடம்.
எப்போதும் ஏற்றம்.
பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால்
ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்,
மாமியார் வந்ததும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி.

புசல்லாவையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன்.
எங்கே வலிக்கிறது என்பதைவிட
எப்போது வலிக்கிறது என்று கேட்டால்
பாதி மாத்திரை மிச்சம்.
பத்தொன்பது வருடமாக எல்லாரிடமும் கேட்கிறேன்.
இவளிடம் கேட்டதில்லை.

சாவியைப் பாதி திருப்பினால்
வலது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில்
பம்ப் தட்டும், டக் டக் டக்.
குனிந்து காது வைத்தேன்.
ஒரு டக்.
அருவிச் சத்தம், தூரத்தில் ஒரு நாய்.
பிறகு இன்னொன்று,
உள்ளே யாரோ
கதவை இழுத்துப் பார்த்துத் தோற்பதுபோல்.

பெற்றோல் இருக்கிறதா என்று பார்க்கத்தான்
மூடியில் சாவியிட்டுத் திருப்பினேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

வெளியே வரவில்லை அது. உள்ளே போனது.
தொட்டி நீளமாக மூச்சிழுத்தது,
ஒட்டியிருந்த தகடு எங்கோ டொங்கென்று நிமிர்ந்தது,
அப்புறம் டக் டக் டக் டக் டக்,
நான் அழுதேனா சிரித்தேனா
லீக்ஸ் லொறிக்காரருக்குத்தான் தெரியும்.

இது அவளோடு வந்த மூடி அல்ல.
வரிசை வருடத்தில் வாங்கியது.
இரண்டு இரவு ஸீட்டிலேயே தூங்கி
நிரப்பிக்கொண்டு வந்ததை
விடியுமுன் குழாய் செருகி
யாரோ உறிஞ்சிக்கொண்டு போனார்கள்.
யாரோ இல்லை. தெரியும் எனக்கு.
மாதம் ஒருமுறை வந்து
இன்சுலின் வாங்கிப் போகிறவர்,
சில்லறை இல்லாவிட்டால்
"இருக்கட்டும், பிறகு" என்று நான் சொல்கிறவர்.
அவருக்கும் தெரியும் எனக்குத் தெரியுமென்று.

அடுத்த நாளே கம்பளையில் தேடினேன்.
ஏதோ டிராக்டருக்கானது, இறுக்கமாகப் பொருந்தியது.
"காற்றுக்கூடப் போகாது, மிஸ்" என்றான் கடைப்பையன்.
எவ்வளவு பெருமையாகச் சொன்னான்.
எவ்வளவு சந்தோஷமாகக் காசு கொடுத்தேன்.

கைக்குட்டையைச் சுருட்டித் தொட்டி வாயில் செருகினேன்.
ஆபத்துத்தான். நாலு வளைவுதானே.
மிதித்தேன்.
முதுகு இருக்கையில் ஒட்டியது,
தேயிலை இரண்டு பக்கமும் பச்சைக்கோடாய் நீண்டது,
மூன்றாம் கியர், இருபது, முப்பது, நாற்பத்தைந்து,
முள்ளைப் பார்ப்பதை விட்டேன்.

லபுக்கலைத் தேநீர்க்கடை வாசலில்
பஸ் நின்றிருந்தது.
நடத்துனர் வடையோடு ஓடிவந்தார்.
"பிளக்தானே மிஸ்?"
"பிளக்தான்."

ஒரு சின்னத் துளை போட்டால் போதும்,
ஊசிமுனை அகலம். பூட்டும் இருக்கும், மூச்சும் இருக்கும்.
செய்யலாம். இன்னும் முடிவெடுக்கவில்லை.
பக்கத்து இருக்கையில் கிடந்த மூடி
திரும்பும் வழியெல்லாம்
வளைவுக்கு வளைவு உருண்டுபோய்
கதவில் இடித்துக்கொண்டே வந்தது.